முன்பல்லும் முட்டிக்காலும்

ட்ரம்பெட் அக்கா ஒரு தெருவுக்குள் நுழைந்தால் முதலில் வருவது சத்தம், அப்புறம்தான் ஆள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்த தொப்பி. பேண்டு முழுவதும் பின்னால் வர, அவள் மட்டும் கொஞ்சம் தள்ளி முன்னால் நடப்பாள். கல்யாண ஊர்வலமோ, புதுக்கடைத் திறப்போ, பந்தயத்தில் கோப்பை ஜெயித்த பிள்ளைகளின் ஆர்ப்பாட்டமோ, எதுவானாலும் அந்த முன்னிடம் அவளுடையது. ஒரு தடவை கிளாரினெட்காரர் தெரியாத்தனமாக அவளை ஒட்டி நடந்துவிட்டார். அன்று அவள் பார்த்த பார்வையில், மனிதர் இன்றைக்கும் அடியை அளந்துதான் வைக்கிறார்.

ட்ரம்பெட் அவள் கைக்கு வந்ததே ஒரு வேடிக்கை. இளம் வயதில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பெட்டியில் அடுக்குகிற வேலை. அங்கே தொழிலாளிகளுக்கென்று ஒரு பேண்டு இருந்தது. ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட, "மூச்சு இருக்கிற ஆள் யாராவது உண்டா?" என்று பேண்டு மாஸ்டர் கேட்டார். எல்லாரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். அத்தனை இயந்திரச் சத்தத்தையும் மீறி அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற தொண்டை அங்கே ஒன்றுதான் இருந்தது. பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். வேலை போயிற்று, பேண்டு போகவில்லை. ஆளுக்கொரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

கல்யாணமும் அந்தச் சிவப்புக் கோட்டால்தான் நடந்தது. அளவெடுக்க வந்த தையல்காரர் கூச்ச சுபாவம். பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே அளவெடுத்துப் போய்த் தைத்துக் கொடுத்தார். முதல் ஊர்வலத்தில் அவள் மூச்சை இழுத்து முதல் ஸ்வரத்தை விட்டாள் பாருங்கள், பொத்தான்கள் பட்பட்டென்று தெறித்து மாப்பிள்ளை வீட்டார் காலடியில் போய் விழுந்தன. மறுநாள் தையல்காரர் டேப்போடு திரும்ப வந்தார். "இந்தத் தடவை மூச்சை நல்லா இழுத்துப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார். அவள் இழுத்துப் பிடித்தாள். அவர் அளந்தார், அளந்தார், அளந்துகொண்டே இருந்தார். "நான் மூச்சு விடவா, வேண்டாமா?" என்று அவள் கேட்டதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் என்ன, கல்யாணம்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஊர்வலத்திலும் அவளுக்கான தண்ணீர்ப் பையைச் சுமந்துகொண்டு அவரும் பின்னால் வருவார். அவருடைய தம்பிக்கு அண்ணி வந்த கையோடு பேண்டில் பெரிய டிரம்மும் கிடைத்தது. ஊரே அவனை டமாரம் என்று கூப்பிடும். அண்ணி மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம்.

இப்படி ஆடிப் பாடி நடந்த கால்தான், ஐம்பதைத் தாண்டியதும் மக்கர் பண்ணியது. வலது முட்டி தேய்ந்துபோய், நடந்தால் கரகரவென்று சத்தம். எலும்பு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, மூட்டை மாற்றிவிடலாம் என்றார். மாற்றினார்கள். ஆகா, என்ன ஒரு சுகம்! மாடிப்படியில் விளையாட்டுக்காக இரண்டு தடவை ஏறி இறங்கினாள். பேண்டு மறுபடி களைகட்டியது. "உள்ள உலோகம், வெளிய பித்தளை, இனி என்னை யாரு அசைக்க முடியும்?" என்று மார் தட்டிக்கொண்டாள்.

யாரும் அசைக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமி அசைத்தது. அடுத்த வருஷம் முட்டி வீங்கிக் கொதித்தது, காய்ச்சல் வந்தது. திறந்து கழுவி, மருந்து கொடுத்து, சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் அதே வீக்கம், அதே கொதிப்பு.

"உலோகத்து மேல கிருமி ஒட்டிக்கிட்டா, தன்னைச் சுத்தி பாசி மாதிரி ஒண்ணப் போத்திக்கும்மா. மருந்து மேலயே வழுக்கிட்டுப் போயிடும், உள்ள எறங்காது" என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்கு அது சட்டென்று புரிந்தது. கழுவாமல் விட்ட ட்ரம்பெட் குழாய்க்குள் வழவழவென்று படிகிற பச்சை அழுக்கை அவள் பார்க்காததா? சும்மா தண்ணீர் ஊற்றினால் அது போகாது, கழற்றித்தான் தேய்க்க வேண்டும். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். பழைய மூட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டு, மருந்து கலந்த சிமெண்டுக் கட்டி ஒன்றைச் சில வாரம் அந்த இடத்தில் வைப்பது. கிருமி ஒழிந்தது உறுதியான பிறகு புது மூட்டு.

"ஆனா ஒண்ணும்மா, இப்பவே சொல்லிடறேன். கிருமி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அடைக்கணும். இல்லேன்னா புது மூட்டுக்கும் வரும். இன்னொரு தடவை வந்தா மறுபடி மூட்டு வெக்கிறது ரொம்பக் கஷ்டம். காலை நீட்டின வாக்குல எலும்பைச் சேர்த்து ஒட்ட வெக்கிற மாதிரி ஆயிடலாம். அப்புறம் முட்டி மடங்காது."

முட்டி மடங்காதென்றால் ஊர்வலம் கிடையாது. காலைத் தூக்கி வைத்து நடக்க முடியாத ஒருத்தி பேண்டுக்கு முன்னால் எப்படிப் போவாள்?

சிமெண்டுக் கட்டியை வைத்துத் தைத்து அனுப்பியபின், வீட்டில் தேடுதல் வேட்டை தொடங்கியது. தையல்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஊசியில் நூல் கோக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தையல் மெஷின் விளக்கைத் திருப்பி வைத்து, அவள் குதிகால் வெடிப்பைப் பார்த்தார். கால்விரல் இடுக்கைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். டமாரம் பக்கத்தில் நின்று, "அண்ணே, அந்தச் சுண்டு விரலை இன்னொரு தடவை பாரு, எனக்கென்னவோ அதும்மேலதான் சந்தேகமா இருக்கு" என்று துப்பறிந்துகொண்டிருந்தான். குதிகாலுக்குக் களிம்பு வந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார்கள், இல்லை. சிறுநீர் பார்த்தார்கள், சுத்தம்.

அக்கா காலை நீட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்க்க விட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஏனென்றால் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்ன, தொண்ணூறு பங்கு தெரியும். மேல்வரிசை முன்பல் ஒன்று எப்போதோ பேண்டு லாரியிலிருந்து இறங்கும்போது இடித்துக்கொண்டது. கறுத்துப் போய், வேரில் பழுதாகி, ஈறில் ஒரு சின்னப் பரு. அது வரும், உடையும், போகும், மறுபடி வரும். உப்புத் தண்ணீரில் கொப்புளித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பல் வைத்தியரிடம் போனால் என்ன சொல்வார் என்று தெரியும்: பிடுங்கு. அந்தப் பல்லின் மேல்தான் ட்ரம்பெட்டின் மவுத்பீஸ் உட்காரும். அது போனால் உதட்டுக்குப் பின்னால் தாங்க ஒன்றுமில்லை. வருவது காற்றுதான், ஸ்வரம் வராது.

"பல்லுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? அது மாடி, இது கீழ்வீடு" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மாடியில் ஒழுகினால் கீழ்வீட்டுக்குத்தான் வரும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை. நினைவு வரக்கூடாது என்று இருப்பவர்களுக்கு எப்படி வரும்?

முதல் மூட்டு போடுவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் வாயைப் பார்க்கத்தான் பார்த்தார்கள். வார்டு டாக்டர் டார்ச் விளக்கோடு வந்து, "வாயைத் திறங்கம்மா" என்றார். அக்கா திறந்தாள். கீழ்த்தாடை மார்பைத் தொடுகிற அளவுக்குத் திறந்தாள். கடைவாய்ப் பல்லெல்லாம் முத்து முத்தாகத் தெரிந்தன. ஆனால் மேல் உதடு மட்டும் இம்மி அசையாமல், கடை ஷட்டர் மாதிரி முன்பல்லை மூடிக்கொண்டு நின்றது. முப்பது வருஷம் பித்தளையோடு மல்லுக்கட்டிய உதடு அது, சாதாரண உதடா? வேறு எந்த மனுஷியாலும் அப்படி வாயைத் திறந்துகொண்டே மூட முடியாது. "வலி, வீக்கம், சீழ் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "கல்லைக் கடிப்பேன் தம்பி" என்றாள். அவர் பாவம், நம்பிப் போய்விட்டார். அவளுக்கு அன்று உள்ளுக்குள் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாகச் சந்தோஷம் வேறு.

அந்தச் சாமர்த்தியத்தின் குட்டு உடைந்தது, முட்டியிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனை முடிவு வந்த அன்றுதான். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அறையில் அக்கா, தையல்காரர், டமாரம் மூன்று பேரும் இருந்தார்கள்.

"இது வழக்கமா வாய்ல குடியிருக்கிற கிருமி. ரத்தத்துல கலந்து முட்டிக்கு வந்திருக்கு. பல்லு ஏதாவது தொந்தரவு குடுக்குதாம்மா?"

"இல்லையே!" என்றாள் அக்கா. உதடு தானாக இறங்கிக்கொண்டது.

"அண்ணிக்குப் பல்லு நல்ல உறுதி டாக்டர்" என்று டமாரம் அண்ணிக்காகப் பரிந்து வந்தான். "பல்லு மட்டுமா, மனசும் தங்கம். பாருங்க, அந்த மேல் ஸ்வரம் இருக்கே, ஊர்வலத்துல ஜனங்க கை தட்டுற எடம், அதை இப்பல்லாம் அண்ணி ஊதுறதே இல்ல. ரெண்டு வருஷமா கிளாரினெட்டுக்கு விட்டுக் குடுத்துட்டாங்க. இந்தக் காலத்துல யாரு விட்டுக் குடுப்பாங்க, சொல்லுங்க!"

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். "மேல் ஸ்வரம் ஊத பல்லுல ரொம்ப அழுத்தணுமோ?"

"அதுக்குத்தான் ரொம்ப அழுத்தணும்" என்றான் டமாரம், பெருமையாக. சொன்ன பிறகுதான் தான் எதையோ போட்டு உடைத்துவிட்டது அவனுக்கே உறைத்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"உதட்டைத் தூக்குங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

அக்கா தையல்காரரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஷட்டர் ஏறியது.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். கறுத்த பல், அதற்கு மேல் சிவந்த பரு. கால்விரல் இடுக்கெல்லாம் விளக்குப் போட்டுத் தேடிய மனுஷன்! "அடிப்பாவி" என்றார், அவ்வளவுதான்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா புடுங்கிடுவீங்க."

"புடுங்கத்தான் சொல்லப்போறேன்" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இதுதான் காரணம்னு நூத்துக்கு நூறு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்படி ஒண்ண வாய்ல வெச்சுக்கிட்டு நான் புது மூட்டு போடமாட்டேன். முதல்ல பல்லு. அப்புறம்தான் முட்டி. வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா வீட்டுக்குப் போனாள், யோசிக்கவில்லை. பல்லைத் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். உண்மையிலேயே அப்போது நிற்கிற நிலையில் இருந்தது ஒரு கால்தான். இன்னொன்றில் சிமெண்டுக் கட்டியும், மேலே நீட்டமான பட்டையும்.

"காலு போனா உக்காந்து ஊதுவேன். பல்லு போனா நின்னு நான் என்னங்க பண்றது? வேடிக்கை பாக்கவா?"

தையல்காரர் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். வாதாட அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை. "நீ உக்காந்து ஊதுனாலும் நான் கேப்பேன். ஊதாம நடந்தாலும் கூட வருவேன். ஆனா காய்ச்சல்ல நீ அனத்துனியே, அதை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு நூலை அறுத்தார். அவர் போட்ட தையல் கோணிப் போயிருந்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் விட்டுக்கொடுக்கவில்லை, அத்தனை அடம்.

அந்த வார இறுதியில் பேண்டே வீட்டுக்கு வந்தது. முன்அறையில் நாற்காலிகளை நகர்த்திவிட்டு, சும்மா ஒரு ஒத்திகை. அக்காவை நடுவில் உட்கார வைத்து, நீட்டிய காலுக்கு ஒரு முக்காலி போட்டார்கள். "எடுங்க பாட்டை! உக்காந்து ஊதிக் காட்டறேன்" என்று ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தாள். டமாரம் தாளம் கொடுத்தான். அவள் ஊதினாள்.

ஊதினாள், ஆனால் பாட்டு நடக்கவில்லை. இரண்டாவது அடியிலேயே தாளத்துக்கு முந்தினாள். நிறுத்தி, மறுபடி எடுத்தாள், பிந்தினாள். மூன்றாவது தடவை பாதியில் அடுத்தது என்னவென்றே மறந்துபோயிற்று. இத்தனை வருஷமாக அவள் எந்தப் பாட்டையும் உட்கார்ந்து படித்ததில்லை. கால் ஓர் அடி வைத்தால் ஒரு மூச்சு, மறு அடிக்கு மறு மூச்சு. பாட்டெல்லாம் அவள் காலில்தான் இருந்திருக்கிறது, இது அவளுக்கே இன்றுதான் தெரிகிறது. டமாரம் அவளுக்காகத் தாளத்தை மெதுவாக்கினான். கிளாரினெட்காரர் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்குக் கேட்காத அளவுக்கு அடக்கி வாசித்தார். அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ட்ரம்பெட்டை மடியில் வைத்தாள். உள்ளே தேங்கிய நீரைச் சொட்டவிட்டு, துணியால் துடைத்தாள்.

"என்னங்க, பல் டாக்டர் காலைல எப்ப வருவாரு?" என்றாள்.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தார் பல் டாக்டர். ஊன்றுகோலோடு அவளை மேலே ஏற்ற, கீழே சைக்கிள் கடைக்காரரும் சேர்ந்து கை கொடுக்க வேண்டியிருந்தது. பல் டாக்டர் எலும்பு டாக்டரம்மாவோடு போனில் பேசி, எந்த மருந்து எப்போது என்று முடிவு செய்துகொண்டுதான் கை வைத்தார். மரத்துப் போகும் ஊசி போட்டுவிட்டு, "உதட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கம்மா" என்றார். உதடு தளரவில்லை. "இன்னும் கொஞ்சம்." ஊஹூம். "அம்மா, நான் பல்லைத்தான் புடுங்கணும், உங்க உதட்டோட மல்யுத்தம் பண்ண எனக்குத் தெம்பு இல்ல" என்று அவர் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த நேரத்தில் பல் வந்துவிட்டது. வேரின் நுனியில் ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனூண்டு. அவளைப் படுக்கையில் போட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்ததும் அழுதாள். அடக்கி அழத் தெரியாதவள், நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் சுத்தத்தின் ராஜ்யம். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. புது மூட்டுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் மருந்து சோப்புக் குளியல், மூக்குக்குள் தடவ ஒரு களிம்பு. டாக்டரம்மா சொன்னதைத் தையல்காரர் பிடித்துக்கொண்டார், உடும்புப் பிடி. படுக்கை விரிப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி துவைத்தார். வாசலில் வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு நின்றார். பார்க்க வந்த பேண்டுக்காரர்கள் வரிசையில் நின்று கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. டமாரம் அதே வீட்டில் இருப்பவன், கொல்லைக்குப் போய்விட்டு வந்தாலும் அவனுக்கும் அதே கதிதான். "அண்ணே, கை கழுவிக் கழுவி ரேகையெல்லாம் அழிஞ்சுபோச்சு, இனிமே எனக்கு ஜோசியம்கூடப் பாக்க முடியாது" என்று புலம்பினான்.

புது மூட்டு உட்கார்ந்தது. இந்தத் தடவை வீக்கம் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று. ஒவ்வொரு காலையும் எழுந்தவுடன் அக்கா முட்டியைத் தொட்டுப் பார்ப்பாள். சில்லென்று இருக்கும். அந்தச் சில்லென்ற தொடுகையில் வந்த சந்தோஷம், ஜனங்கள் கை தட்டியதில்கூட அவளுக்கு வந்ததில்லை.

பல் இருந்த இடத்தில் பல் டாக்டர் பொய்ப்பல் ஒன்றை அழகாகக் கட்டிக் கொடுத்தார். "இதை வெச்சு அழுத்தி மட்டும் ஊதாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஊதாமல் இருப்பாளா? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். கீழ் ஸ்வரங்கள் வந்தன, ஆனால் நடுங்கின. மேலே போகப் போகப் பல் ஆடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் 'ஃபூ' என்று காற்று. இன்னொரு முறை. ஃபூ. அவ்வளவுதான், ட்ரம்பெட் முடிந்துபோயிற்று. அவள் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். இந்தத் தடவை அழவில்லை. அவள் அழாமல் இருந்ததுதான் வீட்டுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் டமாரம் ஒரு பெரிய பித்தளைக் குழலைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். யூஃபோனியம். அதை ஊதிக்கொண்டிருந்தவர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டதால் பேண்டு அறையில் சும்மா கிடந்தது.

"எதுக்குடா இது?"

"இதோட மவுத்பீஸைப் பாருங்க அண்ணி, கிண்ணம் மாதிரி எவ்ளோ அகலம்! உதடு முழுக்கப் பரவி உக்காரும். ஒத்தைப் பல்லை நம்பி இல்ல. பல் டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வந்துட்டேன். மெதுவா ஊதுனா பரவாயில்லன்னாரு."

"இது பின்வரிசை வாத்தியம்டா! என்னைப் பின்னால நடக்கச் சொல்றியா?"

"நடக்கச் சொல்றேன்" என்றான் டமாரம்.

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கினாள். அப்பா, என்ன கனம்! பழைய முட்டியாக இருந்தால் இதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரைகூடப் போயிருக்க முடியாது. உதட்டில் வைத்து, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, மெல்ல விட்டாள். ஆழத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணை அகலமாக்கிக்கொண்டு இன்னொரு தடவை விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "ஏங்க, லாரி ஏதாவது வந்து மோதிடுச்சா?" என்று கேட்டார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அவள் திருந்திய விதமும் அவள் மாதிரியேதான், பாதியில் நிற்கவில்லை. எந்த வைத்தியரிடம் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "எனக்கு முட்டில செயற்கை மூட்டு இருக்கு" என்று ஆரம்பித்தாள். காலில் ஒரு கீறல் என்றாலும் கழுவி மூடி, சிவந்தால் அன்றைக்கே காட்டினாள். பேண்டுக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒத்திகைக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, "ஆ காட்டு. உதட்டைத் தூக்கு. என்கிட்டயே அந்த வேலையா? இன்னும் தூக்கு!" என்று ஆய்வு செய்தாள். சாக்ஸஃபோன்காரருக்கு இரண்டு சொத்தைப் பல் அகப்பட்டது. தனக்கு முட்டியில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன வாதம் எடுபடவில்லை. சைக்கிள் கடை மாடிக்குக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

பிறகு ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. சாயங்கால வெயில். மண்டபம்வரை நீளமான தெரு. கிளாரினெட்காரரைத்தான் முன்னால் போகச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்தார். "போய்யா, நான் ஒண்ணும் கடிச்சுட மாட்டேன், முன்பல்லு வேற பொய்ப்பல்லு" என்றதும்தான் நடந்தார். அக்கா பெரிய குழலை அணைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் டமாரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். தையல்காரர் அவளுக்குப் புதுக் கோட்டு தைத்திருந்தார். ஆரம்பத்தில் பின்னால் நிற்பது அவமானமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

தாளம் விழுந்தது. வலது காலை எடுத்து வைத்தாள். முட்டி மடங்கியது, தாங்கியது. அடுத்த அடி. மூச்சு தானாக வந்தது. பாட்டு காலுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் நிமிர்ந்து முன்னால் பார்த்தாள்.

முப்பது வருஷம் பேண்டை நடத்திக்கொண்டு போனவள், பேண்டு நடந்து போவதை ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் வெறும் தெரு. இப்போது மொத்தமும் கண் முன்னால் போகிறது. சிவப்பு முதுகுகள் ஒன்றாக இடமும் வலமும் சாய்கின்றன. ஜால்ரா தட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார். சாக்ஸஃபோன்காரர் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பை வாத்து மாதிரி ஆட்டுகிறார். சின்ன டிரம் அடிக்கிறவள் கஷ்டமான இடம் வந்தால் நாக்கைத் துருத்துகிறாள். அடேயப்பா, நம்ம பேண்டு இவ்வளவு அழகா!

பேண்டுக்கும் கிளாரினெட்காரருக்கும் நடுவில், தண்ணீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் ஆடிக்கொண்டு போனார். கையை மேலே தூக்கி, விரலைச் சொடுக்கி, காலைத் தட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, உலகத்தையே மறந்து ஆடினார்.

தையல்காரர்.

தரையைப் பார்த்து அளவெடுத்த அந்த மனுஷன். வீட்டில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். அவள் திரும்பிப் பார்க்கிற சமயமெல்லாம் பையைப் பிடித்துக்கொண்டு பரம சாதுவாக நடந்து வருவாரே, அவரேதான்.

அக்காவுக்குக் குழல் உதட்டிலிருந்து நழுவிவிட்டது. "என்னடா இது! எப்பலேருந்து?"

டமாரம் தாளத்தை விடாமல் சிரித்தான். "கல்யாணமான வருஷத்துலேருந்தே அண்ணி. ஒரு ஊர்வலம் விட்டதில்ல. உங்க முதுகுக்குப் பின்னாலயேதான் ஆடுவாரு. உங்ககிட்ட சொன்னா என் கையை ஒடிச்சுடுவேன்னு சொல்லியிருக்காரு."

எதையும் மறைக்கத் தெரியாத டமாரம், இதை மட்டும் இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறான். அவள் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் முட்டியது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

சுற்றின சுற்றில் தையல்காரர் பின்பக்கம் திரும்பினார். கடைசி வரிசையிலிருந்து மனைவி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. முகம் குப்பென்று சிவந்தது. கையை இறக்கி, பையைச் சரிசெய்துகொண்டு, நல்ல பிள்ளையாக நடக்கப் பார்த்தார்.

விடுவாளா? அக்கா குழலைத் தூக்கி உதட்டில் வைத்தாள். முட்டியை நன்றாக ஊன்றி, கோட்டுப் பொத்தான் இறுக மூச்சை இழுத்து, அவரைக் குறி வைத்து ஊதினாள். தெருவின் இரண்டு பக்கச் சுவரும் அதிர்ந்தன. கல்யாண வீட்டார் ஹோவென்று கத்தினார்கள். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "ஆடுங்க!" என்று சொல்ல வாய் காலியாக இல்லை, அதனால் மறுபடி ஊதினாள்.

தையல்காரர் ஒரு கையை மெல்லத் தூக்கினார். அப்புறம் இன்னொரு கையை. இந்தத் தடவை அவள் பக்கம் திரும்பிக்கொண்டே, பின்னுக்கு அடி வைத்து ஆட ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே, ஊதிக்கொண்டே, மண்டபம்வரை நடந்தாள்.